அக்கா கல்யாணத்துக்கு ஒரு கருத்துக்கணிப்பு

என் கூடப்பிறந்த அக்கா மறுமணம் செய்துகொள்ளலாமா, கூடாதா என்று முன்பின் தெரியாத ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டவன் நான். அதுவும் ஆன்லைனில். அதுவும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

இதை இவ்வளவு தைரியமாக முதல் வரியிலேயே எழுதுகிறேன் என்றால், கதை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். ஆமாம். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிள்ளானில், வாழையிலையில், அப்பளம் பாயசத்தோடு முடிந்தது. ஆனால் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு வாரம் இருந்ததே... அதைச் சொல்லத்தான் இந்தப் பத்தி.

எழுதலாமா என்று அக்காவிடம் அனுமதி கேட்டேன் — இந்த முறை முன்கூட்டியே. "கிள்ளான்ல இன்னும் யாருக்குத் தெரியாம இருக்கு? எழுது" என்றாள்.

அக்கா பெயர் சரோஜா. வயது ஐம்பத்தெட்டு. அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள். கிள்ளானில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், மூன்று அறை வீட்டில், அக்கா தனியாக.

தனியாக என்றால் என்ன? நமக்கு அது வெறும் சொல். அவளுக்கு அது மீன் வாங்குவதில் தொடங்குகிறது. முழு மீன் வாங்கினால் நாள்கணக்கில் அதையே சாப்பிட வேண்டும். அரை மீன் கேட்டால் மீன்காரர் ஒரு பார்வை பார்ப்பார். சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வார்த்தை அனுப்புவாள்: "பூட்டியாச்சு." நான் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவேன். அவள் பத்திரமாக உள்ளே இருக்கிறாள் என்று உலகத்தில் ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வருஷக்கணக்காக இதுதான் எங்கள் கடிதப் போக்குவரத்து.

அந்தத் தாமான் திடலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போச்சோ-போச்சோ ஆடுவார்கள். பெயரைக் கேட்டு, எதுவோ போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிட்டு, வரிசையாக நின்று, வலது, இடது, பின்னால் என்று அடி வைக்கும் உடற்பயிற்சி. நம் ஊர் ஓய்வூதியக்காரர்களில் பாதிப் பேரை நடமாட வைத்திருப்பது அதுதான் என்பது என் கட்சி. இனிப்பு நீர் வியாதிக்காக டாக்டர் மிரட்டியதில் அங்கே வந்து சேர்ந்தவர் கணேசன் சார். சுங்கத்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். மொத்த வரிசையும் வலப்பக்கம் திரும்பும்போது அவர் மட்டும் இடப்பக்கம் திரும்புவார். பக்கத்தில் நின்றவள் என் அக்கா. சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத் திருப்பி விடுவாள்.

கொஞ்ச காலம் இப்படி இழுபட்ட பிறகு, ஒரு நாள் அவர் நேராகவே கேட்டுவிட்டார்.

இதைச் சொல்வதற்காகவே அக்கா கொம்யூட்டர் ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தாள். பேச்சு சுற்றிச் சுற்றி மின்சாரக் கட்டணம், முட்டி வலி என்று போய், கடைசியில் விஷயத்துக்கு வந்தது. அவளுக்குப் பிடித்திருக்கிறது. மகளிடம் சொல்லிவிட்டாள், மகள் போனில் அழுது, சிரித்து, உங்கள் சந்தோஷம்தான் முக்கியம் என்றுவிட்டாளாம். பிறகென்ன தடை?

"நாலு பேர் என்ன சொல்வாங்கடா?"

கவனித்திருக்கிறீர்களா? நம் ஜனங்கள் நடத்தும் பொதுக்கருத்து ஆய்வில் கலந்துகொள்பவர்கள் எப்போதும் நாலே நாலு பேர்தான். மகள் முடியை வெட்டிக்கொள்வதா, மகன் சமையல் படிப்பதா, மச்சான் மஞ்சள் நிறக் கார் வாங்குவதா... எல்லாவற்றுக்கும் அதே நாலு பேர். அவர்கள் பெயர் தெரியாது. எந்தத் தாமான் என்று தெரியாது. யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

இந்த நாலு பேரையும் தேடிப்பிடித்து நேரடியாகவே கேட்டுவிட்டால் என்ன?

இந்த இடத்தில் ஒரு புத்தகத்தின் மேல் பழியைப் போட வேண்டியிருக்கிறது. தள்ளுபடிச் சந்தையில் வாங்கியது. மக்கள் கருத்தை எப்படிக் கண்டறிவது என்பதைப் பற்றிய தடிமனான புத்தகம். நான் அதில் பாதிதான் படித்திருந்தேன். கருத்துக்கணிப்பை எப்படி நடத்துவது என்பது முன்பாதி. அதை ஏன் உடனே நம்பிவிடக் கூடாது என்பது பின்பாதி. பின்பாதியை நான் இப்போதுதான் படித்து முடித்தேன். விதி.

அக்காவை ரயிலேற்றிவிட்டு வந்த கையோடு ஒரு ஆன்லைன் பாரம் — கேள்விப் படிவம் — தயாரித்தேன். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்முன் நிறுத்திக் கேளுங்கள் என்று புத்தகத்தின் முன்பாதி சொல்லியிருந்தது. நிறுத்தினேன். "கிள்ளான் வட்டாரத்தில் வசிக்கும் ஐம்பத்தெட்டு வயது ஓய்வுபெற்ற தாதி ஒருவர், கணவரை இழந்து பல்லாண்டுகளுக்குப் பின், ஓய்வுபெற்ற சுங்கத்துறை அதிகாரி ஒருவரை மணக்க எண்ணுகிறார். மேற்குறிப்பிட்ட திருமணத்தை நம் சமுதாயம் ஏற்குமா?"

பெயர் போடவில்லையே, ரகசியம் காத்துவிட்டேனே என்று எனக்குப் பெருமை வேறு. அக்காவின் வீட்டு எண்ணையும் கேட்டின் நிறத்தையும் மட்டும்தான் விட்டிருந்தேன்.

பள்ளித் தோழர்கள் குழு, குடியிருப்பாளர் குழு, கோவில் குழு, இந்தப் பத்தியின் வாசகர் குழு — எல்லாவற்றிலும் போட்டேன். ஆமாம், உங்களில் சிலரும் நிரப்பினீர்கள். நன்றி. மன்னிக்கவும்.

பதில்கள் கொட்டின. பங்சாரில் ஒரு கடையில் தே தாரிக் டீயை ஆற விட்டுவிட்டு, போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தேய்ப்புக்கும் புதிதாகச் சில பேர். எழுதுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய போதை என்று உங்களுக்குப் புரியாது. ஒரு பத்தி எழுதினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள். அதில் ஒருவர் எழுத்துப்பிழை கண்டுபிடித்தவராக இருப்பார். இங்கேயோ ஜனசமுத்திரம்.

சந்தோஷத்தில் முடிவைத்தான் சரியாகப் பார்க்கவில்லை. வட்டப் படத்தில் சிவப்பு என்றால் "ஏற்காது". பச்சை என்றால் "ஏற்கும்". "கருத்து இல்லை" என்றும் ஒன்றைக் கடைசியில் வைத்திருந்தேன்; அதை அநேகமாக யாரும் சீண்டவில்லை. வட்டம் தர்பூசணி மாதிரி இருந்தது. உள்ளே முழுக்கச் சிவப்பு. ஓரத்தில் மெல்லிசாகப் பச்சை.

போகப் போக மாறும் என்று நினைத்தேன். மாறியது. சிவப்பு இன்னும் பழுத்தது.

புதன்கிழமை அக்கா போன் செய்து, வீட்டுக்கு வரச் சொன்னாள். குரலில் எதுவும் இல்லை. எதுவும் இல்லாத குரல்தான் அக்காவிடம் மோசமான குரல்.

போனபோது சோபாவில் உட்கார்ந்திருந்தாள். போனை என் பக்கம் திருப்பினாள். அதே தர்பூசணி. போச்சோ-போச்சோ குழுவில் ஒருவர், கோவில் குழுவில் ஒருவர், பழைய தாதியர் குழுவில் மூவர் அவளுக்கே அந்தப் பாரத்தை அனுப்பியிருக்கிறார்கள். சிலர், 'நீங்களும் உங்கள் மேலான கருத்தைப் பதிவு செய்யுங்கள்' என்று குறிப்பும் எழுதியிருக்கிறார்கள்.

"இது நீதானே?"

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, 'மேற்குறிப்பிட்ட' என்று எழுதுகிற ஆள் நம் வம்சத்தில் வேறு யாரும் இல்லை என்றாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்கிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள்:

"கோவம்லாம் இல்லடா. தெரிஞ்சிக்கிட்டது நல்லதுதான். இத்தன பேருக்குப் பிடிக்காதுன்னு நான் நெனைக்கல. ஞாயித்துக்கெழம அவர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

வெளியே, வாசல்படிக்குப் பக்கத்தில் அவளுடைய வெள்ளை விளையாட்டுக் காலணி இருந்தது. திடலுக்கென்றே புதிதாக வாங்கியது. பேசிக்கொண்டே எழுந்து போய் அதைத் துடைத்து, வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே வைத்து மூடினாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு திடலுக்குப் போக மாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று எப்படி ஆடுவது?

கிளம்பும்போது எதையாவது பேச வேண்டுமே என்று, இந்த முடிவை எப்படிப் பார்த்தாய் அக்கா, பாரத்தை நிரப்பினால்தானே முடிவு தெரியும் என்றேன்.

"நெரப்பிட்டுத்தான் பார்த்தேன்."

"என்ன போட்டே?"

"ஏற்காதுன்னு போட்டேன். வேற என்ன போடறது?"

ரயிலில் உட்கார்ந்திருந்தேன். ஷா ஆலம் தாண்டும்போதுதான் அது உறைத்தது. அந்தச் சிவப்பில் ஒரு துண்டு என் அக்கா. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று உலகத்திலேயே அதிகமாக ஆசைப்படுகிற ஆள், எதிர்த்தவர்கள் கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்படியென்றால் அந்தச் சிவப்பில் வேறு யார் யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரே வேலைதான். கருத்துக்கணிப்பு நடத்திய ஆள்களெல்லாம் தங்கள் முடிவு சரி என்று நிரூபிக்கப் பாடுபடுவார்கள். நான் என் முடிவு தப்பு என்று நிரூபிக்க வேண்டும். அது தப்பாக இல்லாவிட்டால் அக்கா ஆயுசுக்கும் அரை மீன் கேட்டுக்கொண்டிருப்பாள் — என் புண்ணியத்தில்.

மறுநாள் காலை பதில்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பெயர் எழுதுவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டு, கடைசியில் 'உங்கள் கருத்து' என்று ஒரு காலிக் கட்டம் வைத்திருந்தேன். பலர் அதில் காலை வணக்கம் எழுதியிருந்தார்கள். சிலர் வாழ்த்து எழுதியிருந்தார்கள். யாருக்கு, எதற்கு என்று தெரியவில்லை. ஒருவர் தன் காப்பீட்டுத் தொழிலை விளம்பரம் செய்திருந்தார். நடுவில் பெயர் போடாத ஒரு கொத்து. எல்லாம் சிவப்பு, எல்லாவற்றிலும் அச்சு மாறாமல் ஒரே வாசகம்: "நல்ல முயற்சி. குடும்பத்தோடு ஆதரிக்கிறோம்."

கல்யாணத்தை எதிர்த்துவிட்டு எதைக் குடும்பத்தோடு ஆதரிக்கிறார்கள்?

எனக்கு ஒரே ஒரு ஆள்மேல்தான் சந்தேகம். முனியாண்டி. என் பள்ளித் தோழன். இப்போது கிள்ளானில் ஓய்வுபெற்ற ஆசிரியர். எந்தச் சங்கம் ஆரம்பித்தாலும் அதில் செயலாளராக ஆகிவிடுகிறவன். போன் செய்தேன். அவன் நன்றியை எதிர்பார்த்துத்தான் எடுத்தான். தனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மகன்கள், மருமகள்கள், டெங்கிலில் இருக்கும் மகள், மருமகன் என்று வீட்டில் ஓட்டுரிமை உள்ள அத்தனை பேருக்கும் தானே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்திருக்கிறான். அதில் அவனுக்கு ஒரு சின்ன உறுத்தலும் இல்லை. கோவில் ரசீதில் குடும்பத் தலைவர் பெயரைப் போட்டு, 'மற்றும் குடும்பத்தினர்' என்று எழுதுவோமே... அதை எட்டாகப் பிரித்து எழுதியிருக்கிறான். அவ்வளவுதான்.

"அவங்களுக்குலாம் எங்க மச்சான் நேரம்? நீ கேட்டுட்டே, நண்பன். கூட நாலு சேர்ந்தா உனக்குத்தானே நல்லது."

சரி, நேரில் வருகிறேன் என்றேன்.

முனியாண்டி வீட்டில் அவன் மனைவி புஷ்பா கோப்பியும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். புஷ்பாவும் அக்காவும் கோவிலில் ஒரே நாளில் பூக்கட்டும் முறைக்காரர்கள், நல்ல பழக்கம். அவள் இருக்கும்போதே முனியாண்டியிடம் கேட்டேன்: ஏண்டா, ஓட்டைப் பார்த்துவிட்டுக் கல்யாணமே வேண்டாம் என்கிறாள் சரோஜா அக்கா, அவள்மேல் உனக்கு என்ன அவ்வளவு கோபம்?

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தத் தாதி அக்காதான் என்று முதல் வரியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, ஆனால் கோபமெல்லாம் எங்கிருந்து வந்தது என்றான். அக்கா தனியாக இருப்பது தனக்கே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றான். கணேசனைத் தனக்குத் தெரியும், தங்கமான மனுஷன் என்றான்.

"அப்புறம் ஏன் ஏற்காதுன்னு போட்டே?"

"நீ என்னயா கேட்டே? சமுதாயம் ஏற்குமான்னு கேட்டே. சமுதாயம் ஏத்துக்காது லா. அதத்தான் போட்டேன்."

"நீ சமுதாயம் இல்லியா?"

"நான் எப்பிடி மச்சான் சமுதாயமாவேன்? நான் முனியாண்டி."

கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை முட்டாள் என்று சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு தெளிவாக யாரும் நிரூபித்ததில்லை. ஒவ்வொருத்தரிடமும் போய், 'மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?' என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொருத்தரும் யோக்கியமாக, மற்றவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் மோசம், குறுகின மனசு, ஏற்க மாட்டார்கள் என்று. அதையெல்லாம் கூட்டினால் சமுதாயத்தின் கருத்து வருமா? சமுதாயத்தைப் பற்றி சமுதாயத்துக்கு இருக்கும் பயம்தான் வரும். அந்த நாலு பேர் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். ஆளாளுக்கு அடுத்த வீட்டைக் கைகாட்டிக்கொண்டு நிற்கும் நாம்தான்.

இதற்குள் புஷ்பா விஷயத்தைப் பிடித்துவிட்டாள். தன் பெயரில் ஒரு ஓட்டு விழுந்திருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். புருஷனைப் பார்த்த பார்வையில் நான் வடைத்தட்டைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

"எனக்கு ஒரு கருத்து இருக்குன்னு இந்த வீட்டுல யாருக்கும் தெரியாதுண்ணே" என்றாள். "சரோஜாக்கா நெசமாவே வேணாம்னு சொல்லப்போறாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகிறாள் என்றேன்.

அவ்வளவுதான். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அக்காவுக்குத் தைரியம் சொல்லப்போகிறாள், காலம் மாறிவிட்டது என்று பிரசங்கம் செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், காரியத்தையும் கெடுத்திருப்பேன்.

"அக்கா, புஷ்பா பேசறேன். தேதி வெச்சாச்சா? இல்ல, தைக்கிறவ இப்பல்லாம் ஒரு பிளவுசுக்கு ஒரு மாசம் கேக்கறா. இப்பவே குடுத்தாத்தான் ஆகும்."

எதிர்முனையில் என்ன பதில் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு புஷ்பா, சரி அக்கா, முடிவானதும் சொல்லுங்க, நான் பச்சை எடுக்கலாம்னு இருக்கேன், நீங்க என்ன கலர் என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள்.

நான் அன்றைக்கும் மறுநாளும் சும்மா இருக்கவில்லை. சிவப்பில் பெயர் தெரிந்தவர்களையெல்லாம் போனில் பிடித்தேன். இந்த முறை கருத்தே கேட்கவில்லை. ஒரே கேள்வி: அப்படி ஒரு கல்யாணம் நடந்து, உங்களைக் கூப்பிட்டால் வருவீர்களா?

கூப்பிட்டா வராம இருப்போமா என்று பலர் கோபித்துக்கொண்டார்கள். எங்களைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற கவலை சிலருக்கு. சைவமா, அசைவமா என்று ஒருவர் கேட்டார். கார் நிறுத்த இடம் இருக்குமா என்று இன்னொருவர். ஒரே ஒரு பெரியவர் மட்டும், எனக்கு இதில் உடன்பாடில்லை தம்பி, வரமாட்டேன் என்று பட்டென்று சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதைதான். என் கருத்துக்கணிப்பில் சொந்தக் கருத்தைச் சொன்ன ஒரே எதிர்ப்பாளர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் இதையெல்லாம் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். புத்தகத்தின் பின்பாதியை அவசரமாகப் புரட்டியதில் கிடைத்ததை வைத்து நன்றாகவே வாதம் தயாரித்திருந்தேன். யார் போனைப் பிடித்திருந்தார்கள், கேள்வி எப்படிக் கோணலாக இருந்தது, சந்தோஷமாக ஒப்புக்கொள்பவர்கள் பாரம் நிரப்ப மெனக்கெடாமல் அடுத்த செய்திக்குப் போய்விடுவதும், முகம் சுளிப்பவர்கள் நின்று நிதானமாக நிரப்புவதும் ஏன்...

அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"புஷ்பா போன் பண்ணினாடா."

தெரியும் என்றேன்.

"அவ கருத்துலாம் சொல்லல. தேதி கேட்டா."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா அழுது நான் பார்த்தது அத்தான் போனபோதுதான். இது அந்த அழுகை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, பச்சையில் புஷ்பா வந்தால் தான் பச்சை கட்ட முடியாதே என்றாள். நான் அவசரமாக ஒத்துக்கொண்டேன். புடவை விஷயத்தில் எனக்குக் கருத்து இருந்ததில்லை; அன்றைக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

நான் கிளம்பும்போது, வாசல்படிக்குப் பக்கத்தில் காலணி மறுபடியும் வெளியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை திடலில் அவர் வழக்கம்போல் தப்பான பக்கம் திரும்பினாராம். இவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாளாம். பிறகு விடவில்லையாம். பதில் சொன்ன விதம் அவ்வளவுதான் என்று மகள் எனக்கு ஜொகூரிலிருந்து சொன்னாள். அக்கா என்னிடம் அதெல்லாம் சொல்வாளா?

இதில் நான் கற்றது என்ன என்று கேட்பீர்கள். ஆன்லைன் கணிப்பெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காகப் படித்தவர்கள், யாரிடம் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம், யார் பதில் சொல்லாமல் நழுவினார்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்தால் நல்லதுதான். என் தர்பூசணிகூடப் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. நான் கேட்டதுதான் தப்பு. மனுஷன் ஒரு கல்யாணத்தைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயம் வேறு. அந்தக் கல்யாணத்துக்கு என்ன சட்டை போட்டுக்கொண்டு போகலாம் என்று யோசிக்கிற மனசு வேறு. நமக்கு வாழ்க்கையில் வேண்டியிருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

போன ஞாயிறு, கோவிலில் தாலி. மகளும் மாப்பிள்ளையும் முன்வரிசையில். புஷ்பா பச்சையில். அக்கா அரக்கு நிறத்தில். முனியாண்டி வாசலில் நின்று வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தான்; யார் அவனைக் கேட்டுக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. அநேகமாக யாரும் இல்லை. சிவப்பில் இருந்த முகங்களில் முக்கால்வாசி பந்தியில் இருந்தது. பாயசம் இரண்டாம் தடவை கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் இருட்டியதும் கை தானாகப் போனைத் தேடியது. ஒன்றும் வரவில்லை. அக்கா எண்ணை அழுத்தப் போய்விட்டேன். பிறகுதான் ஏன் வரவில்லை என்று ஞாபகம் வந்தது. அந்த வீட்டுக் கேட்டைப் பூட்ட இப்போது உள்ளேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். போனைத் தூரமாக வைத்துவிட்டு, அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

அதற்கு முன் பந்தியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கணேசன் சார் என் பக்கத்து இலையில். அவருக்குப் பாதி உண்மையாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சார், அந்த ஆன்லைன் பாரம்... அதைச் செய்தது நான்தான் என்றேன். அவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, தெரியும் தம்பி, எனக்கும் வந்தது, நிரப்பினேன் என்றார்.

பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டேன். இத்தனை களேபரத்தில் மாப்பிள்ளையின் ஓட்டு எங்கே விழுந்தது என்று நான் யோசிக்கவே இல்லையே. என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"கடைசியில 'கருத்து இல்லை'ன்னு ஒண்ணு இருந்துச்சு. அதத் தட்டினேன்" என்றார் அவர், கூச்சத்தோடு. "வீட்டுக்குள்ள வரதுக்கு முன்னாடியே கருத்து சொன்னா நல்லா இருக்காதுல்ல?"

அக்கா தன் இலையிலிருந்த அப்பளத்தை நொறுக்கினாள்.

"வந்தாச்சு. இனிமேலும் அதையே தட்டுங்க."